நெல்லுக்கு விலை சொல்வது யார்?

(சம்மாந்துறையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



  

எனக்குத் தந்த தலைப்பு பெரியது. தேசிய இலட்சியங்களும் சந்தையில் அரசாங்கத்தின் பங்கும். கொழும்பில் இதைப் பேசினால் வட்டி வீதம், டொலர், சர்வதேச நாணய நிதியம் என்று இரண்டு மணி நேரம் போய்விடும். சம்மாந்துறையில் நெல்லை விட்டுவிட்டு இதைப் பேசினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். நியாயம்தான். ஆகவே நெல்லை வைத்துப் பேசுகிறேன். நெல்லுக்கு விலை சொல்வது யார்? விதைத்தவனா, ஆலைக்காரனா, அரசாங்கமா? எப்போது சொல்வது? எங்கே வைத்துச் சொல்வது? இன்றைய பேச்சு இவ்வளவுதான்.

முதலில் வயல் வட்டைக்குப் போவோம். பெரும்போகம் அறுவடையாகும் நாட்கள். மழை இன்னும் முழுதாக விடவில்லை. வெட்டு மெஷின் ஒரு பக்கம் இறங்கிப் போகிறது. முன்னொரு காலத்தில் உப்பட்டி கட்டி, சூடு வைத்து, களவெட்டியில் மிதித்து, தூற்றி எடுக்க நாட்கணக்காகும். அதற்குள் நெல்லும் காய்ந்துவிடும். இப்போது காலையில் நின்ற பயிர் மத்தியானம் மூடையில் நிற்கிறது, ஈரத்தோடு. வரம்போரத்தில் லொறி வந்து நிற்கிறது. வியாபாரி ஒரு பிடி நெல்லை அள்ளி உள்ளங்கையில் உருட்டுகிறார், ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிக்கிறார். "ஈரம் கூட காக்கா. இந்த விலைக்கு மேல ஏலாது."

இந்த நேரத்தில் விவசாயியின் தலைக்குள் என்ன ஓடுகிறது? மெஷின்காரனுக்கு இன்றைக்கே காசு கொடுக்க வேண்டும். பசளைக் கடையில் கொப்பியில் கணக்கு நிற்கிறது. மனைவியின் காப்பு வங்கியில் அடகில் கிடக்கிறது. வீட்டு முற்றத்தில் இத்தனை மூடையைக் காயவைக்க இடமில்லை. தார் ரோட்டோரத்தில் படங்கு விரித்துக் காயப்போட்டால் ஒரு மழை போதும். அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபை 14 சதவீத ஈரப்பதன் கேட்கிறது. பதரும் கல்லும் இல்லாத நெல் கேட்கிறது. கமநல சேவை நிலையத்தின் பதிவு கேட்கிறது. லொறிக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. காசை எண்ணி வைக்கிறார். அப்படியானால் நெல் யாருக்குப் போகும், சொல்லுங்கள்?

வியாபாரியை நான் இங்கே திட்ட வரவில்லை. ஈர நெல்லை வாங்கி, ஏற்றி, காயவைத்து, நட்டத்தையும் சுமக்கிறவர் அவர். போகத்தின் நடுவில் கைமாற்றுக்குப் போனால் வங்கி கேட்கும் பத்திரங்களை அவர் கேட்பதில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளிலும் பலர் அந்தத் தொழில்தான் செய்கிறார்கள். நான் கேட்பது வேறொன்று. வரம்பில் நடக்கும் அந்தப் பேரத்தில் ஒருவருக்குப் பொலன்னறுவையில் இன்று என்ன விலை என்று தெரியும், மற்றவருக்குத் தெரியாது. ஒருவர் நாளைக்கும் வரலாம். மற்றவர் நாளை வரை பொறுக்க முடியாது. இதற்குச் 'சுதந்திரச் சந்தை' என்று பெயர் வைத்தால் அந்தச் சுதந்திரம் யாருடையது?

சரி, நம் நாடு தன் இலட்சியமாக எழுதி வைத்திருப்பது என்ன? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பை எடுத்துப் பாருங்கள். ஒரு ஆண்டுக்கு முன் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட அதே அரசாங்கம்தான் அந்த அரசியலமைப்பைக் கொண்டு வந்தது, நாட்டின் பெயரில் 'சோசலிச' என்ற அடைமொழியையும் சேர்த்தது. அதன் 27ஆம் உறுப்புரை, எல்லாக் குடிமக்களுக்கும் போதிய உணவும் உடையும் வீடும் உள்ள வாழ்க்கைத் தரத்தை அரசின் நோக்கமாகச் சொல்கிறது. பொதுத்துறை முயற்சியும் தனியார் முயற்சியும் சேர்ந்து நாட்டை வளர்க்க வேண்டும் என்கிறது. சமூகத்தின் வளங்கள் பொது நன்மைக்காக நீதியாகப் பங்கிடப்பட வேண்டும் என்கிறது. 14ஆம் உறுப்புரை தொழில் செய்யும், வியாபாரம் செய்யும் சுதந்திரத்தை அடிப்படை உரிமையாகத் தருகிறது. இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் ஒரு வித்தியாசம். வியாபாரச் சுதந்திரம் மீறப்பட்டால் உயர் நீதிமன்றம் போகலாம். போதிய உணவு கிடைக்கவில்லை என்று போக முடியாது. 27ஆம் உறுப்புரையின் கோட்பாடுகளை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்று 29ஆம் உறுப்புரை கதவைச் சாத்திவிடுகிறது. நம் தேசிய இலட்சியத்துக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை கிடையாது!

இந்த இழுபறி 1978இல் தொடங்கியதல்ல. மூத்தவர்களுக்குக் கூப்பன் புத்தகம் நினைவிருக்கும், சங்கக்கடை வரிசை நினைவிருக்கும். அந்தப் பங்கீடு 1942இல், யுத்த காலத்தில், பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து அரிசி வரவு நின்றபோது வந்தது. யுத்தம் முடிந்தது, பங்கீடு முடியவில்லை. அரிசி கொடுப்பது அரசாங்கத்தின் கடமை என்று மக்கள் மனதில் பதிந்துவிட்டது. 1952இல் சீனாவோடு ரப்பர் – அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தானது. கம்யூனிஸ்டுகளை வெறுத்த அரசாங்கமே கம்யூனிஸ்ட் சீனாவிடம் அரிசி வாங்கப் போனது. ஏன்? சோற்றுப் பானைக்கு முன்னால் கொள்கை இரண்டாம் இடம்தான்.

அடுத்த ஆண்டு என்ன நடந்தது? 1953 ஜூலையில் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன; பிரதமர் டட்லி சேனாநாயக்க. ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால். கடைகள் பூட்டின, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஒரு பிரித்தானியப் போர்க்கப்பலில் கூட வேண்டியதாயிற்று. ஒக்டோபரில் டட்லி பதவியை விட்டுப் போனார். அன்று தொட்டு இந்த நாட்டில் எந்த அரசியல்வாதிக்கும் ஒரு பயம் உண்டு: அரிசி விலையைத் தொட்டால் கதிரை போகும். அந்தப் பயத்தின் விலையை இன்றுவரை கொடுப்பவன் யார்? நெல் விதைப்பவன்.

கவனியுங்கள். அரிசி மலிவாக இருக்க வேண்டும் என்பது நகரத்தின் கோரிக்கை. நெல்லுக்கு நல்ல விலை வேண்டும் என்பது வயலின் கோரிக்கை. இரண்டும் நியாயம். இரண்டுக்கும் ஒரே அரசாங்கம்தான் பதில் சொல்ல வேண்டும். வாக்கு எண்ணிக்கையில் அரிசி வாங்குகிறவர்கள் கூட; நெல் விற்கிறவர்கள் குறைவு. இதைப் புரிந்துகொண்டால் எழுபத்தைந்து ஆண்டுக் கதையில் பாதி புரிந்துவிடும்.

1970இல் ஸ்ரீமாவோ அம்மையார் தேர்தல் மேடையில், சந்திரனிலிருந்தாவது கொண்டுவந்து இரண்டு கொத்து அரிசி தருவேன் என்றார். வென்றார். 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபைச் சட்டம் வந்தது. நெல் வாங்கும் ஏகபோக உரிமை அரசின் கைக்குப் போனது. பிறகு உலகச் சந்தையில் தானியமும் எண்ணெயும் விலை ஏறிப் பஞ்சம் வந்தது. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு போவது குற்றமாயிற்று. வீதியில் தடிபோட்டு மறித்துப் பஸ்ஸில் ஏறிப் பைகளைச் சோதித்தார்கள். தன் வயல் அரிசியைத் தன் மகள் வீட்டுக்குக் கொண்டு போக ஒரு தகப்பன் ஒளித்துப் பிடித்துப் போக வேண்டிய காலம் அது. அரசாங்கம் முழுதாகச் சந்தையை விழுங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் சோவியத் நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. அந்தத் தடிகளே சாட்சி.

1977இல் ஊசல் மறுபக்கம் போனது. திறந்த பொருளாதாரம். 1979இல் பங்கீட்டின் இடத்தில் உணவு முத்திரை. சபையின் ஏகபோகம் போனது, பிறகு சபையே தேய்ந்தது, தொண்ணூறுகளில் மூச்சு நின்றது, 2008 அளவில் மறுபடி கண் விழித்தது. இடையில் கொள்முதலும் களஞ்சியமும் ஆலையும் பெரிய கைகளுக்குப் போய்விட்டன. அரசாங்கம் வெளியேறிய இடம் காலியாக இருக்கவில்லை. ஆயிரம் சிறு வியாபாரிகள் போட்டி போடும் இடமாகவும் அது மாறவில்லை. விரல் விட்டு எண்ணக்கூடிய ஆலைகளின் கையில் நாட்டின் கையிருப்பில் கணிசமான பங்கு நிற்கிறது. இதையும் சந்தை என்றுதான் சொல்கிறார்கள்!

இனி நம் கண்முன் நடந்ததற்கு வருவோம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. பத்து ஆண்டுகளில் செய்வதாகத் தேர்தல் விஞ்ஞாபனத்தில் சொன்ன மாற்றம் ஒரே வர்த்தமானியில் வந்து இறங்கியது. நஞ்சில்லா உணவு என்பது நல்ல இலட்சியம், யார் மறுப்பார்? ஆனால் வேர் பிடிக்க வேண்டிய காலத்தில் பயிர் மஞ்சளாக நின்றதை நீங்கள் பார்த்தீர்கள். நவம்பரில் தடை போனது. போகம் போனது போனதுதான். அதே ஆண்டு செப்டெம்பரில் அரிசிக்கு உச்ச விலை விதித்தார்கள்: நாடு அரிசி 98 ரூபாய், சம்பா 103, கீரிச்சம்பா 125. அவசரகால விதிகள் வந்தன, களஞ்சியங்களுக்கு இராணுவத்தோடு அதிகாரிகள் போனார்கள், தொலைக்காட்சியில் மூடைகளைக் காட்டினார்கள். மாதம் முடியும் முன், 28ஆம் திகதி, உச்ச விலை வாபஸ். மறுநாளே ஆலைக்காரர்கள் தங்கள் விலையை அறிவித்தார்கள்: நாடு 115. இந்த நாட்டில் அரிசிக்கு விலை சொல்வது யார் என்ற கேள்விக்கு அன்றைக்குப் பகிரங்கமாகவே பதில் கிடைத்தது.

ஆட்சிகள் மாறின. 2024 டிசம்பரில் நாடு அரிசி கடைகளில் காணாமல் போனது. மறுபடி உச்ச விலை: நாடு கிலோ 230 ரூபாய். மறுபடி இறக்குமதி; கிலோவுக்கு 65 ரூபாய் வரி கட்டி ஒரு இலட்சம் தொன்னுக்கு மேல் அரிசி கப்பலில் வந்தது. அடுத்து 2025 பெப்ரவரி 5ஆம் திகதி உத்தரவாத விலை வந்தது: நாடு நெல் 120, சம்பா 125, கீரிச்சம்பா 132.

விலை கூடவா, குறைவா என்று அன்று நாடெங்கும் விவாதம். நான் திகதியைப் பார்க்கச் சொல்கிறேன். பெப்ரவரி 5! கிழக்கில் அறுவடை எப்போது தொடங்கியது? ஜனவரியில் வெட்டி, ஜனவரியிலேயே லொறியில் ஏற்றியவன் அந்த 120 ரூபாயை வானொலியில் கேட்டான். கையில் வாங்கவில்லை. பொலன்னறுவையும் அநுராதபுரமும் பிறகு வெட்டுபவை. நாம் முந்தி வெட்டுபவர்கள். கொழும்பின் நாட்காட்டியில் அறுவடை பிந்தியே வருகிறது.

கணக்கொன்று சொல்கிறேன், மனதில் போட்டுப் பாருங்கள். நூறு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 64 கிலோ அரிசி வரும் என்று வைப்போம். நெல் 120 ரூபாய்க்கு வாங்கினால் ஒரு கிலோ அரிசிக்குள் இருக்கும் நெல்லின் விலை 187 ரூபாய் 50 சதம். கடை விலை 230. மீதி நாற்பத்திச் சொச்சத்தில் அவியல், குற்றுக்கூலி, ஏற்றுக்கூலி, கடைக்காரன் இலாபம் எல்லாம் அடங்க வேண்டும். சரி. அதே நெல்லை வரம்பில் வைத்து 100 ரூபாய்க்கு வாங்கினால்? அரிசிக்குள் இருக்கும் நெல்லின் விலை 156 ஆகிறது. இடைவெளி 74 ரூபாய். விவசாயி நெல்லில் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு 20 ரூபாயும் அரிசியில் 31 ரூபாயாகப் பெருகுகிறது. அந்த 31 ரூபாய் கொழும்பில் அரிசி வாங்கும் ஏழைக்கும் போகவில்லை. அவன் 230 கொடுத்தான், அதுவும் அரிசி கிடைத்தால்.

இங்கே ஒரு சகோதரர் எழுந்து கேட்கலாம்: "ஹஸ்ரத்மார் சொல்கிறார்களே, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே விலை நிர்ணயிக்க மறுத்தார்கள் என்று?" உண்மை. மதீனாவில் விலை ஏறியபோது, எங்களுக்கு விலை குறித்துத் தாருங்கள் என்று மக்கள் கேட்டார்கள். அவர்கள் மறுத்தார்கள். எவருடைய உடைமையிலும் அநீதி செய்த பழியோடு இறைவனைச் சந்திக்கத் தாம் விரும்பவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். சந்தையில் அரசு கை வைக்கக் கூடாது என்பவர்கள் இந்த ஹதீஸோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நாம் நிறுத்தலாமா? அதே மதீனாவில் இன்னொரு கட்டளை இருந்தது. வெளியூரிலிருந்து சரக்கோடு வரும் ஒட்டகக் கூட்டத்தைச் சந்தைக்கு வெளியே போய் மறித்து வாங்காதீர்கள். ஏன்? சந்தை விலை தெரியாதவனிடம் வழியில் வாங்குவது அவனை ஏமாற்றும் வழி. அப்படி யாராவது வாங்கிவிட்டால், விற்றவன் சந்தைக்கு வந்து உண்மை விலையைக் கண்டபின் அந்த விற்பனையை முறிக்கும் உரிமை அவனுக்கு உண்டு. சகோதரர்களே, இது எங்கேயோ கேட்ட கதையாக இல்லையா? ஒட்டகத்தின் இடத்தில் லொறியை வையுங்கள். பாலைவழியின் இடத்தில் வட்டை வரம்பை வையுங்கள். பதுக்கலும் அங்கே பாவமாக்கப்பட்டது. விலையைத் தொடவில்லை, ஆனால் விலை பிறக்கும் இடத்தை ஒழுங்குபடுத்தினார்கள். யாருக்கும் மறைவில்லாத சந்தை, நேரான அளவை, வழிமறிப்புக்குத் தடை.

பிற்கால அறிஞர்களும் இதைப் பிரித்துத்தான் பார்த்தார்கள். 1328இல் மறைந்த இப்னு தைமியா, பஞ்சத்தாலோ தேவை பெருகியதாலோ விலை ஏறினால் வியாபாரியை நெருக்குவது அநீதி என்றும், மக்களுக்கு அத்தியாவசியமான பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கூடிய விலைக்கே விற்பேன் என்று நிற்பவரை நியாய விலைக்கு விற்கச் செய்வது ஆட்சியாளரின் கடமை என்றும் எழுதினார். அவருக்குப் பின் வந்த இப்னு கல்தூன் இன்னொரு பக்கத்தையும் எச்சரித்தார். ஆட்சியாளர் தானே வியாபாரியாக இறங்கினால் குடிமக்கள் அழிவார்கள். அரசனோடு போட்டி போட யாரால் முடியும்?

இப்னு கல்தூன் சொன்னதை நம் அரசாங்கங்கள் அடிக்கடி மெய்ப்பிக்கின்றன. 2015இல் வாங்கிய நெல்லை வைக்க இடமில்லாமல் மத்தள விமான நிலையக் கட்டடங்களில் கொண்டுபோய் அடுக்கினார்கள். விமானம் வராத இடத்துக்கு நெல்லாவது வந்தது என்று அன்று சிரித்தோம். அரசாங்கம் நல்ல வியாபாரி அல்ல. தேர்தல் வந்தால் கூட வாங்கும், திறைசேரி வறண்டால் வாங்காது, வாங்கினதை எப்போது விற்பது என்று தெரியாது. நெல் முழுவதையும் அரசே வாங்கட்டும் என்று மேடையில் முழங்குபவரை நான் நம்புவதில்லை.

ஆனால் அரசு விலகிக்கொள்ளட்டும் என்பவரிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. எதிலிருந்து விலகுவது? 1949இல் டி. எஸ். சேனாநாயக்க காலத்தில் தொடங்கிய கல்லோயாத் திட்டம் அரசாங்கத்தினது. இங்கினியாகலையில் தேங்கும் சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர் அரசாங்கத்தின் கையில். வாய்க்கால் எப்போது திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பது, மாடுகளை எப்போது வெளியேற்றுவது எல்லாம் போக ஆரம்பக் கூட்டத்தில் முடிவாகிச் சட்டமாகிறது. பசளைக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய் என்று அரசு தருகிறது. விதையிலிருந்து கதிர் வரை அரசாங்கம் கூடவே நடந்து வருகிறது. மெஷின் வயலில் இறங்கும் நாளில் மட்டும் ஆளைக் காணவில்லை. சந்தைச் சுதந்திரம் அந்த ஒரு நாளுக்கு மாத்திரம் ஏன் ஞாபகம் வருகிறது?

வெளியே கொஞ்சம் பார்ப்போம். தமிழ்நாட்டில் நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972இலிருந்து இயங்குகிறது; தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் வயலுக்கு அண்டியே திறக்கப்படுகின்றன. அங்கும் ஈரப்பதன் சண்டை உண்டு, மழையில் மூடை முளைப்பதும் உண்டு. ஆனால் நடவு செய்யும் முன்பே அந்தப் பருவத்தின் ஆதார விலை பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. ஜப்பானை எடுங்கள். செல்வந்த நாடு, சந்தைப் பொருளாதாரம். 2025இல் அரிசி விலை முந்திய ஆண்டு விலையின் இரு மடங்கானபோது அந்த அரசாங்கம் என்ன செய்தது? தன் சேமிப்புக் களஞ்சியத்தைத் திறந்து அரிசியை வெளியே விட்டது. வெறும் வர்த்தமானியால் விலை இறங்காது. கையில் கையிருப்பு இருக்கிற அரசாங்கத்தின் பேச்சை ஆலைக்காரனும் காது கொடுத்துக் கேட்பான். இல்லாத அரசாங்கம் 98 என்று சொல்லும், மக்கள் 115க்கு வாங்குவார்கள்.

ஆகவே நான் அரசாங்கத்திடம் கேட்பது பெரிய இலட்சியம் ஒன்றுமில்லை. எல்லா நெல்லையும் வாங்க வேண்டாம். ஆலையின் விலைக்கு எதிரே தன் விலை நிற்கும் அளவுக்கு வாங்கட்டும். ஒவ்வொரு பெரிய வட்டைக்கும் அண்டையில் காயவைக்கும் தளமும் உலர்த்தும் இயந்திரமும் வரட்டும். விவசாயிக்கு நாலு நாள் பொறுக்க முடிந்தாலே போதும், வரம்பில் நடக்கும் பேரம் மாறிவிடும். ஆலைகளில் எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்ற கணக்கு கிழமைதோறும் வெளியாகட்டும். அப்போது பதுக்கலைப் பிடிக்க இராணுவம் தேவைப்படாது. நம் கூட்டுறவுச் சங்கங்கள் சீனியும் பருப்பும் விற்கும் இடமாகச் சுருங்கிப் போயின. அவை நெல்லைப் பொறுப்பில் வாங்கி, அதன்மேல் முற்பணம் கொடுத்து, விலை கண்டபின் விற்கலாம். இதைச் செய்யக் கொழும்பின் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இங்கேயே படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், காசுள்ளவர்களும் இருக்கிறார்கள். அரசாங்கத்தைக் குறை சொல்லும் வேகத்தில் பாதியாவது இந்தப் பக்கம் திரும்பினால் என்ன?

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. உத்தரவாத விலையை விதைக்கும் முன் சொல்ல வேண்டும். நீர் திறக்கும் திகதியை எந்தக் கூட்டத்தில் முடிவு செய்கிறீர்களோ, அந்தக் கூட்டத்திலேயே விலையும் மேசைக்கு வர வேண்டும். மாவட்டச் செயலாளர் வருவார், நீர்ப்பாசனப் பொறியியலாளர் வருவார், கமநல அதிகாரிகள் வருவார்கள், விவசாய அமைப்புகளின் தலைவர்கள் வருவார்கள். நீரைப் பேசுவார்கள், விதையைப் பேசுவார்கள், மாட்டைப் பேசுவார்கள். விலை என்று யாராவது வாய் திறந்தால், அது எங்கள் அதிகாரத்தில் இல்லை என்பார்கள். இருக்கட்டும். அதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்: இந்தக் கூட்டம் விலை கேட்டது, பதில் கிடைக்கவில்லை என்று. ஒரு கூட்டத்தில் எழுதினால் கோப்பில் தூங்கும். அம்பாறை மாவட்டத்தின் எல்லாக் கூட்டங்களிலும், சிங்கள விவசாயியும் தமிழ் விவசாயியும் முஸ்லிம் விவசாயியும் ஒரே வசனத்தை எழுதச் செய்தால் அது பாராளுமன்றத்தின் மேசைக்குப் போகும்.

கூட்டத் தலைவர் மணியைப் பார்க்கிறார். இஷாவுக்கு இன்னும் நேரமிருக்கிறது. இங்கே ஆலை வைத்திருப்பவர்கள் சிலர் பின்வரிசையில் அமர்ந்திருப்பதைக் காண்கிறேன். நான் சொன்ன கணக்கில் பிழை இருந்தால் அவர்களுக்குத்தான் தெரியும். ஒலிவாங்கியை முதலில் அவர்களிடம் கொடுங்கள்.